கோழிக்குப் பார்த்த ரத்தம்

என் அக்கா தெய்வநாயகியை நான்கு வருடம் சோம்பேறி என்றார்கள். சொன்னவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அவர்களில் நானும் ஒருவன் என்பதால் என் மேலும் தீரவில்லை.

அவளை மோகனூருக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தோம். மச்சான் தங்கசாமிக்குப் பத்தாயிரம் முட்டைக்கோழி. இரண்டு கூலிப் பெண்களோடு கூண்டு வரிசை நெடுக நடந்து, முட்டை எடுத்து அட்டையில் அடுக்குவது அக்காவின் வேலை. பதினைந்து வருடம் அவள் கைக்கு யாராலும் ஈடுகொடுக்க முடிந்ததில்லை. பிறகு அந்தக் கை ஓடவில்லை. உடம்பு ஊதியது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள்.

"தின்னுபோட்டுத் தூங்குனா ஒடம்பு ஊதாம என்ன பண்ணும்?" என்றார் மாமியார் ராமாயி. "இவளுக்கு வேலைன்னா வலிக்குது" என்றார் மச்சான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் நடந்தீன்னா எளைக்கும்க்கா." நாளெல்லாம் ஷெட்டில் நடக்கிறவளுக்கு என் புத்திமதி!

கோழி விஷயம் வேறு. முட்டை நூற்றுக்கு இரண்டு குறைந்தால் போதும், மச்சானுக்குச் சோறு இறங்காது. உடனே எனக்குப் போன் வரும். நான் தீவன மில்லில் வேலை பார்ப்பவன். கோழியின் இறக்கையில் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே நாமக்கல் லேபுக்குக் கொண்டுபோவேன். எந்தக் கோழியையும் யாரும் சோம்பேறி என்று திட்டியதில்லை. ஒருமுறை என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததே அக்காதான். லேப் வாசல்வரை வந்தவளுக்கும் ரத்தம் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதா?

போன ஆடியில் அவளுக்குப் போன் செய்தேன். கரகரவென்று ஒரு குரல். "மச்சான், அக்காகிட்டக் குடுங்க" என்றேன்.

"அக்காதான் சாமி பேசறேன்."

மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் தெரிந்துவிட்டது. தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. எத்தனை நாளாக என்று டாக்டரம்மா கேட்டார். "நாலு வருசமுங்க" என்றாள் அக்கா. டாக்டரம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒரு மணி நேரம் காப்பிகூடக் கூடாது. "உடம்பு செய்ய வேண்டியதை இந்த மாத்திரை செய்யுது. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் பாத்து அளவை மாத்தலாம். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார்.

ஆறு வாரத்தில் அக்கா ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டாள். டப்பா தீர்ந்தது. வாங்கிவரச் சொன்னால், "அதான் கோர்ஸ் முடிஞ்சு போச்சே" என்றார் மச்சான். கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலந்து ஐந்து நாள் கொடுத்து நிறுத்துவதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். ஆறு வாரமே அவர் கணக்கில் அதிகம். ஒரு மாதத்தில் ஸ்வெட்டர் கொடியிலிருந்து இறங்கியது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தீவன லாரியோடு போன அன்றுதான் பார்த்தேன். என் கண் முன்னால் அக்கா கையிலிருந்து ஓர் அட்டை முட்டை விழுந்து உடைந்தது. "மறுபடியும் ஆரம்பிச்சுட்டா" என்றார் மச்சான். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, இந்த மூட்டையெல்லாம் எதுக்குங்க எறக்கறீங்க? போன வாரந்தான் கோழிக்குத் தீவனம் போட்டமே. கோர்ஸ் முடிஞ்சு போச்சல்லங்க?"

"தீவனமும் மருந்தும் ஒண்ணா?"

"எனக்கு ஒண்ணுதானுங்க."

காலி டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "நானே போயிக்கறேன் சாமி. நீ இருந்து முட்டை எடு" என்றாள்.

நானும் மச்சானும் எடுத்தோம். இரண்டு வரிசை முடிவதற்குள் மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "செத்த உக்காரலாமா மாப்ள?" என்றார்.

"ஏனுங் மச்சான், வேலைன்னா வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.