நில்லு சத்தம்

தீவுத்திடல் பொருட்காட்சியில், டெல்லி அப்பளக் கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே, ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு போகிற வழியில், ரங்கன் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் அவர் முதுகில் மோதினார். அவருக்கும் பின்னால் வந்தவரின் அப்பளம் நொறுங்கியது. "யோவ், நடு வழில இன்னாய்யா பொம்ம மாதிரி நிக்கற?" என்று ஒருவர் கத்தினார். ரங்கன் அசையவில்லை. தூக்கிய காலைக் கீழே வைக்கவுமில்லை. சின்ன மகள் ருக்கு ஓர் அடி எடுத்து வைத்துவிடாதபடி அவள் கையை மட்டும் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

பெரிய மகள் வசந்தா இதை எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தாள். அங்கே வரிசையாக வைத்திருந்த வீடியோ கேம் பெட்டிகளில் ஒன்றில் யாரோ தோற்றுப்போயிருந்தார்கள். தோற்றவுடன் பெட்டி ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைப் பெட்டிக்குக் கொடுத்தவள் அவள்தான்.

இது நடந்தது எண்பத்து நாலில். புரிய வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும்.

கோட்டைக்குப்பத்துக்கு அப்பால், பழவேற்காடு ஏரிக்கரையில், கையால் இறால் பிடித்துப் பிழைக்கிற குடும்பம் அவர்களுடையது. வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் இறங்கிக் குனிந்து, சேற்றைத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடுகிற ஓலைக்கூடை வாயில் தொங்கும். அதற்குப் பரி என்று பெயர். பரியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறவர் எப்படிப் பேசுவார்? வாயைத் திறந்தால் கூடை தண்ணீரில், இறால் ஏரியில். ஆகவே ரங்கனின் குடும்பமும் அக்கம்பக்கத்துக் குடிசைக்காரர்களும் ஏரியில் இறங்கிவிட்டால் வாயை மூடிக்கொண்டு மூக்கால்தான் பேசுவார்கள். இங்கே நிறைய இருக்கிறது, வா என்பதற்கு ஒரு சத்தம். கரையேறலாம் என்பதற்கு ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது நில்லு சத்தம். அது உச்சியில் தொடங்கி, சட்டென்று இறங்கி, அடியிலேயே நீளும்.

சேற்றில் திருக்கை மீன் புதைந்திருப்பது கண்ணில் பட்டால் அந்தச் சத்தம் வரும். திருக்கையின் வாலில் விஷ முள் உண்டு. நின்ற இடத்தில் நின்றால் அது தன் பாட்டுக்குப் போய்விடும். மிதித்தால் போச்சு. நில்லு சத்தம் கேட்டால் கால் மூளையிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காது, தானாகவே நின்றுவிடும். ரங்கன் வீட்டில் நடை பழகுகிற குழந்தைகூட நிற்கும்.

பழவேற்காட்டின் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த கௌஸ் மைதீன், மெட்ராஸில் மண்ணடிப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருந்தார். ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்க ஊர்ப் பெண்கள் வேண்டும் என்று அவர் சொல்லியனுப்ப, எழுபத்தெட்டில் வசந்தா போய்ச் சேர்ந்தாள். மற்றப் பெண்கள் ஈயக் கம்பியை மேசையில் வைப்பதும் எடுப்பதுமாக வேலை செய்தார்கள். வசந்தா கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். பல்லில் எதையாவது கடித்தால் போதும், அவளுக்கு ஏரி ஞாபகம் வந்து மூக்கால் சத்தம் கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். "இன்னாடி இது, காதுல கொசு மாதிரி?" என்று பக்கத்து மேசைக்காரி தினமும் திட்டுவாள்.

எண்பத்து மூன்றில் கௌஸ் மைதீனின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டிகளைக் கப்பலில் அனுப்பினார். படம் ஓடியது, சத்தம் செத்திருந்தது. ஊமைப் பெட்டியில் எவன் காசு போடுவான்? கௌஸ் மைதீன் தானே ஒரு சர்க்யூட் செய்து, சினிமாப் பாட்டுகளை ஏற்றிப் பார்த்தார். அவர் செய்த சர்க்யூட்டுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரம்தான் வரும். வயலின், தபேலா, கோரஸ் எல்லாவற்றையும் அதற்குள் திணித்தால் சளி பிடித்த ஆடு கத்துவது போல இருந்தது. பட்டறையே காதைப் பொத்திக்கொண்டது. அப்படி வெறுத்துப்போய் உலாத்திக்கொண்டிருந்த ஒரு நாள், அவர் வசந்தாவின் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாம்மா அது?"

வசந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுல்ல பாய். பழக்க தோஷம்."

"தோஷத்த வுடு. இன்னொரு தபா போடு."

ஆரம்பித்தது இப்படித்தான். அவள் வாயை மூடிக்கொண்டு சத்தம் கொடுப்பாள். அவர் ஒரு சின்னக் கீபோர்டில் அதன் ஸ்வரங்களைத் தேடிப் பிடித்துப் பெட்டியில் ஏற்றுவார். ஒற்றைச் சத்தத்தில் விஷயத்தைச் சொல்வது அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். கார் ஓடுகிற ஆட்டத்துக்கு 'வா' சத்தத்தை நீட்டிப் போட்டாள். பறவை சுடுகிற ஆட்டத்துக்குக் கரையேறுகிற சத்தம். அவை பத்தாதபோது புதிதாகவும் கட்டினாள். கட்டக் கட்டத் தொழில் நுணுக்கமும் பிடிபட்டது. பாட்டை முடிக்காமல் ஒரு ஸ்வரம் பாக்கி வைத்தால், ஆடுகிறவன் அந்த ஒன்றுக்காகப் பெட்டியை விட்டு நகரமாட்டான் என்பதை அவள்தான் முதலில் கவனித்தாள். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "பாட்டு போடறேன்" என்பாள். "சினிமாலயா?" என்று கேட்டவர் கண் விரியும். "பொட்டில" என்றதும் சுருங்கிவிடும்.

தோற்றவனுக்கான பாட்டில்தான் மாட்டிக்கொண்டாள். "தோத்தவனுக்குக் கோவம் வரக் கூடாது, சிரிப்பு வரணும். சிரிச்சான்னா இன்னொரு காசு போடுவான்" என்று கௌஸ் மைதீன் சொல்லியிருந்தார். எதைக் கொடுத்தாலும் உதட்டைப் பிதுக்கினார். அலுத்துப்போய் வசந்தா நில்லு சத்தத்தைக் கொடுத்தாள். ஆட்டம் நின்றுவிட்டது, அதற்கு நில் என்பது பொருத்தம்தானே என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. கௌஸ் மைதீன் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, கடைசி இழுப்பில் ஒரு நடுக்கம் சேர்த்தார். வாழைப்பழத் தோலில் வழுக்கி உட்கார்ந்தவன் எழ முடியாமல் முனகுவது போல ஆகிவிட்டது. பட்டறை முழுக்கச் சிரித்தது. வசந்தாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அந்தச் சத்தம்தான் பொருட்காட்சியில் ரங்கனை நட்டு வைத்தது. வேகத்தை மாற்றினாலும் அவர் காலை ஏமாற்ற முடியவில்லை. வசந்தா ஓடிப்போய், "நைனா, வெறும் பொட்டி நைனா அது" என்று தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் கால் தரைக்கு வந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

"நம்ம சத்தம் இதுக்குள்ள எப்பிடிம்மா போச்சு?"

"நாந்தான் குடுத்தேன் நைனா."

அவர் மகளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதயா குடுத்த? எடுத்துடும்மா. இது வெளையாடற சத்தமில்ல."

"சரி நைனா" என்றாள். எடுக்கவில்லை. பெட்டியின் முன்னால் தோற்றவர்கள் சிரித்துக்கொண்டே சட்டைப் பையைத் தடவினார்கள். முன்பின் தெரியாத இத்தனை பேர் தன் சத்தத்துக்குச் சிரிக்கிறார்களே என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எடுக்காமல் விட்டதற்கு வேறு காரணம் எதுவும் கிடையாது.

ருக்குவுக்கோ அந்தச் சத்தத்தில் பைத்தியமே பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் தட்டிலிருந்து சோறு சிந்தினால் அந்தச் சத்தம், நடுக்கத்தோடு. பொன்னேரி பஸ் கண்ணெதிரே போய்விட்டால் அந்தச் சத்தம். கல்யாணத்தில் மாப்பிள்ளை கால் தடுக்கினால் அந்தச் சத்தம். குடிசை குடிசையாக எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்குப் பெட்டி ஒன்று பழவேற்காட்டு டீக்கடைக்கே வந்து சேர்ந்தது. ரங்கன் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கணம் நின்று, பிறகு ஏசுவார். நாளடைவில் அவரும் நிற்பதை விட்டுவிட்டார்.

எண்பத்தாறில் பொங்கலுக்கு வந்த வசந்தா, லீவு முடிவதற்குள் ஒரு தடவை ஏரியில் இறங்க ஆசைப்பட்டாள். காலையில் மூவருமாக இறங்கினார்கள். வலது பக்கம் ரங்கன், முன்னால் ருக்கு, பின்னால் வசந்தா. தண்ணீர் தெளிந்து முழங்காலுக்குத்தான் இருந்தது. பரி கனக்கத் தொடங்கியபோது வசந்தா தலையை நிமிர்த்தினாள். ருக்குவின் காலுக்கு ஒரு முழம் முன்னால் சேறு புகை போலக் கிளம்பி அடங்கியது. அடங்கிய இடத்தில் ஒரு வால் தெரிந்தது.

வசந்தா நில்லு சத்தம் கொடுத்தாள். பெட்டியின் வேகத்தில் அல்ல, ஏரியின் வேகத்தில்.

ருக்கு திரும்பிப் பார்த்தாள். கண்ணில் சிரிப்பு. பரியைக் கடித்தபடியே அதே சத்தத்தை அக்காவுக்குத் திருப்பிக் கொடுத்தாள், இரண்டு மடங்கு வேகத்தில், நடுக்கத்தோடு. கொடுத்துக்கொண்டே காலை எடுத்து வைத்தாள்.

வசந்தா வாயைத் திறந்து கத்தினாள். பரி தண்ணீரில் விழுந்தது. அதற்குள் ருக்குவும் அலறியிருந்தாள்.

கணுக்காலுக்கு மேலே முள் இறங்கி, உள்ளேயே ஒடிந்திருந்தது. ரங்கன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓடினார். மீன் ஏற்ற வந்த வேன் ஒன்று பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. ருக்குவின் தலை வசந்தாவின் மடியில் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்னாள்.

"நீ வெளையாடறேன்னு நெனச்சேன்க்கா."

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அன்றைக்கே எடுத்துடுன்னு சொன்னேனே என்று அப்பா கத்துவார், கத்தட்டும் என்று வசந்தா காத்திருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ரங்கன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் பாதத்தைப் பார்த்தார்.

"எனக்கும் கேட்டுச்சும்மா" என்றார். "நானும் நிக்கல."

கத்தியிருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது அவளுக்கு.

ருக்குவின் உயிருக்கு ஆபத்தில்லை. புண் ஆற மாதக் கணக்காயிற்று, நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. விஷயத்தைக் கேட்ட கௌஸ் மைதீன் கையிலிருந்த கீபோர்டைக் கீழே வைத்துவிட்டு, "அல்லா" என்று முகத்தை மூடிக்கொண்டார். பட்டறையிலும் டீக்கடையிலும் இருந்த பெட்டிகளிலிருந்து அன்றைக்கே சத்தத்தைப் பிடுங்கினார். விற்றவை எங்கெங்கோ போயிருந்தன. போனால் போகட்டும், கோயமுத்தூரில் திருக்கை இல்லை. ஆனால் ஏரிக்கரைக்காரர்களின் காதில் ஏறிவிட்ட சிரிப்பை எந்த ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுவது?

எண்பத்தொன்பதில் பட்டறை மூடும்வரை வசந்தா பெட்டிகளுக்குப் பாட்டுப் போட்டாள். கண்டக்டர் விசிலிலிருந்து எடுத்தாள், குக்கர் சத்தத்திலிருந்து எடுத்தாள், ஏரியிலிருந்து மட்டும் எதையும் எடுக்கவில்லை. ஈயக் கம்பியைக் கையில் பிடிக்கப் பழகிக்கொண்டாள். அவள் கட்டியதிலேயே மிகவும் கஷ்டமான பாட்டு, ருக்கு படுத்துக் கிடந்த மாதங்களில் கட்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்கு வந்து தங்கையின் பக்கத்தில் உட்காருவாள். புதுசாக ஒரு நில்லு சத்தம் வேண்டும். அதை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சிரிப்பு வரக் கூடாது. ஒன்றைக் கொடுத்துவிட்டு, "சிரிப்பு வருதா?" என்று கேட்பாள். "வருது" என்பாள் ருக்கு. இன்னொன்றுக்கு, "தூக்கம் வருதுக்கா." இன்னொன்றுக்கு, "ஆட்டோ ஆரன் மாதிரி கீது." வாரக்கணக்கில் இதே பாடு. வசந்தா அழுதுகொண்டே பஸ் ஏறிய நாட்களும் உண்டு.

ஒரு சாயங்காலம் ருக்கு கஞ்சி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனாள். ரங்கன் வெளியே போகத் தலையைக் குனிந்து வாசற்படியில் கால் வைத்தார். வசந்தா எதுவும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு ஒரு சத்தம் கொடுத்தாள். கீழேயிருந்து மெல்ல ஏறிய சத்தம், கடைசி ஸ்வரத்துக்கு முன்னால் பட்டென்று அறுந்தது.

டம்ளர் அந்தரத்தில் நின்றது. வாசலில் ரங்கன் குனிந்தது குனிந்தபடி நின்றார். பாக்கி ஸ்வரம் வருமென்று வீடே காத்திருந்தது. அது வரவில்லை. யாரும் அசையவும் இல்லை. அதைக் கொடுத்த வசந்தாவே மிரண்டுபோய் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

டம்ளரை இறக்காமலே ருக்கு சொன்னாள். "க்கா, இத பாய்கிட்ட குடுத்துடாத."

வசந்தா சரியென்று தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை.