லெஸ்டர் பிரிம் வண்டி வாங்கிய வரலாறு

கார்மரன்ட் முனை முக்குளிப்போர் சங்கத்துக்கு ஒன்பது விதிகள். முதல் எட்டை யாரும் படித்ததில்லை, ஒன்பதாவதை யாரும் மீறியதில்லை. தன் சாமானைக் காருக்கும் கடலுக்கும் இடையே தானே சுமக்க முடியாதவர் கடலில் இறங்கக் கூடாது என்பது அந்த ஒன்பதாவது. முடியாமல் போனவரைச் சங்கம் கைவிட்டுவிடாது. மடக்கு நாற்காலி ஒன்று, பிளாஸ்க்கில் டீ, யார் இறங்கினார் யார் ஏறினார் என்று குறிக்க ஒரு நோட்டு. பதவியின் பெயர் கரை அதிகாரி. எங்கள் ஆட்கள் சுறாவுக்குப் பயப்படுவதில்லை. அந்த நாற்காலிக்குப் பயப்படுவார்கள்.

லெஸ்டர் பிரிமுக்கு அறுபத்தேழு வயதில் வலது முழங்கால் மக்கர் செய்தது. இருபது கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லெஸ்டரின் சிலிண்டர், ஈயக்கட்டி பெல்ட், துடுப்புக் காலணி, ரப்பர் உடை எல்லாம் சேர்ந்து நாற்பத்திரண்டு கிலோ. மெல்பர்ன் நகரத்து லிஃப்டுகளில் எத்தனை பேர் ஏறலாம் என்று முப்பது வருஷம் சோதித்துச் சொன்னவர் அவர். எடை விஷயத்தில் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் வசதி அவருக்கு இல்லை.

ஆகவே வண்டி வாங்குவது என்று முடிவாயிற்று. இதை எளிய காரியம் என்று நினைப்பவர்கள் மணலில் எதையும் இழுத்துப் பார்த்ததில்லை. சின்னச் சக்கரம் மணலில் புதையும். தோட்டத்துத் தள்ளுவண்டி பள்ளம் கண்ட இடத்தில் குப்புற விழும். கோல்ஃப் பை வண்டி முக்குளிப்பவனின் மானத்தை வாங்கும். லெஸ்டர் இரண்டு மாதம் ஆராய்ந்தார். மனைவி கோரலி சாப்பாட்டு மேஜையை வண்டிப் படங்களிடம் பறிகொடுத்துவிட்டு, அடுப்படியில் நின்றுகொண்டே இறைச்சி பஃப்ஸ் தின்றாள்.

கடைசியில் நான்கு பலூன் சக்கரம் வைத்த கடற்கரை வண்டி ஒன்றின் முன் போய் நின்றார்.

"இது எவ்வளவு தாங்கும்?"

"எழுபது கிலோன்னு போட்டிருக்குங்க," என்றாள் கடைக்காரி.

"போட்டிருக்கு, சரி. யாராவது உட்கார்ந்து பார்த்தாங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் தானே ஏறி உட்கார்ந்தார். பெயின்ட் டப்பா வரிசைக்கும் ஆணி வரிசைக்கும் இடையே கடைக்காரி அவரை இரண்டு சுற்று இழுத்தாள். சக்கரம் முனகவில்லை. வாங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டி மணல்மேல் வெண்ணெயில் கத்தி போல வந்தது. சங்கத் தலைவர் மெர்வின் ஹாக், முதுகில் சிலிண்டர், இரண்டு கையிலும் பை, பல்லிடுக்கில் முகக்கண்ணாடியின் வார் என்று வியர்த்து வழிய நடந்து வந்தவர், நின்று பார்த்தார். வாரைத் துப்பிவிட்டுக் கேட்டார்:

"என்னப்பா லெஸ்டர், பேரனைத் தள்ளிக்கிட்டு வர்றியா?"

"நாற்பத்திரண்டு கிலோ பேரன், மெர்வின். ஒத்தக் கையால இழுக்கிறேன் பாரு."

மெர்வின் யோசித்தார். "இழுக்கிறது நீதானே? அப்ப செல்லும்," என்று தீர்ப்பளித்துவிட்டு, வாரை மறுபடி கவ்விக்கொண்டு நடந்தார். அந்தப் பார்வையில் இருந்ததைப் பொறாமை என்று சொன்னால் சங்கத்தை விட்டு நீக்கிவிடுவார்கள்.

லெஸ்டருக்கு அன்று நீரடித் துணை நான்தான். வண்டியை ஈரமணலில் நிறுத்தி, அதில் அவருடைய உலர்ந்த துணி, துவாலை, கார் சாவி எல்லாம் வைத்துவிட்டு இறங்கினோம். ஐம்பது நிமிஷம் கழித்து ஏறி வந்தால், வண்டி நின்ற இடத்தில் கடல் இருந்தது.

வண்டியும் இருந்தது, முந்நூறு மீட்டர் தள்ளி. தெற்குக் காற்று முதுகில் தள்ள, துவாலை கொடியாகப் பறக்க, மெல்பர்னை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. வண்டி நடுவில் ஒரு நீர்க்காகம் இறக்கை விரித்து நின்று ஈரம் உலர்த்திக்கொண்டது. தான் மூழ்க எத்தனை ஈயக்கட்டி வேண்டும் என்று இருபத்தெட்டு வருஷமாகக் கணக்குப் போட்ட லெஸ்டர், காற்றடைத்த நான்கு சக்கரம் மிதக்கும் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

நாற்காலியில் இருந்த கரை அதிகாரி, ஆட்டோ என்ற பெரியவர். லெஸ்டர் அவரிடம் பாய்ந்தார். "யோவ், பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பார்த்தேனே. எழுதியும் வெச்சிருக்கேன்." ஆட்டோ நோட்டைக் காட்டினார். ஒன்பது நாற்பது, லெஸ்டரின் வண்டி இறங்கியது.

"தடுக்க வேண்டாமா?"

"குறிக்கிறதுதான் என் வேலை, தடுக்கிறது இல்லை. இன்னும் ஏறலை, அதனால அந்தப் பக்கத்தைக் காலியா விட்டிருக்கேன்."

பிறகு ஆட்டோ எழுந்து, நாற்காலியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, அதை லெஸ்டர் பக்கம் மெல்ல நகர்த்தினார். கெட்ட எண்ணம் இல்லை, மரியாதைதான். கார் இருநூறு அடி தள்ளி, மேட்டில். காலடியில் நாற்பத்திரண்டு கிலோ. மெர்வின் கடலைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். தீர்ப்பு சொல்லப் பிடிக்காத நீதிபதியின் கனைப்பு.

என் போனில் தகவல் போய், கோரலி மாற்றுச் சாவியுடன் வந்து சேர்ந்தாள். சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்ற பதினொரு பேரையும் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"அவ்வளவுதானா? ரெண்டு நடையா கொண்டு போ, லெஸ்டர்."

முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் கடற்கரையில் ஒருவரும் இரண்டு நடை நடந்ததில்லை.

"அது எப்படி..." என்றார் மெர்வின்.

"விதியில எத்தனை நடைன்னு போட்டிருக்கா?"

மெர்வின் தன் காருக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒன்பதாவதைப் படித்தார். சந்தேகம் தீராமல் முதல் எட்டையும் படித்தார், அவற்றை மனிதர் படித்த முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். பிறகு மூடினார்.

"போடலை," என்றார்.

லெஸ்டர் முதலில் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மேடேறினார். வெறுங்கையோடு இறங்கி வந்தார். ஈயக்கட்டிக்கு ஒரு நடை, மிச்சத்துக்கு ஒரு நடை. மூன்றாம் நடையில் விசில் அடித்தார்.

அடுத்த ஞாயிறு அவர்தான் முதல் ஆளாகத் தண்ணீரில் இறங்கினார். மெர்வினுக்கு வந்து சேர நேரமாயிற்று. துடுப்புக் காலணியைக் காரிலேயே மறந்துவிட்டாராம், திரும்பப் போய் எடுத்து வந்தாராம். அதற்கடுத்த வாரம் பெல்ட்டை மறந்தார். இப்போதெல்லாம் எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் மறதி வந்துவிட்டது. மேட்டுப் பாதையில் ஞாயிறு காலை ஏறுபவனுக்கு இறங்குபவன் ஒதுங்கித்தான் வழிவிட வேண்டியிருக்கிறது.