மார்லிஸின் மூக்கு

போர்வை சுற்றிய கண்ணாடி ஜாடியில் காதை வைத்து, கராஜ் தரையில் முழங்கால் போட்டிருக்கிறாள் மார்லிஸ். மூடியில் செருகிய குழாயில் ஒரு குமிழி எழும்பி உடைகிறது. நான் வாயைத் திறந்ததும் கையை உயர்த்துகிறாள்.

"சும்மா இரு. பிள்ளைங்க சாப்பிடுறாங்க."

பிள்ளைகள் என்று அவள் சொல்வது ஈஸ்ட்டை. பார்லிச் சாற்றின் இனிப்பைத் தின்று அவை பேல் ஏல் என்ற பீராக ஆக்கித் தரும்வரை இப்படித்தான் காவல் இருப்பாள். குளிரென்றால் இன்னொரு போர்வை. குமிழி நின்றுபோனால் "என்னடா, அதுக்குள்ள தூக்கமா?" என்று ஒரு அதட்டல். காலையும் மாலையும் பள்ளி பஸ் ஓட்டுகிறவள். அதட்டல் கூடவே வந்துவிட்டது.

எங்கள் யாக்கிமா பள்ளத்தாக்கில், பீருக்கு மணமும் கசப்பும் தருகிற ஹாப் பூ அறுவடை தொடங்கினால் தெருவே மணக்கும். பஸ்ஸை விட்டதும் நேரே எங்கள் நண்பன் ராமிரோ மேஸ்திரியாக இருக்கும் தோட்டத்துக்குப் போவாள். கொடியிலிருந்து பூவைப் பறித்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பிசுபிசுக்கத் தேய்த்து, முகத்தை அப்படியே புதைத்துக்கொள்வாள். "இது ஆரஞ்சுத் தோல். இது மழை விட்ட பைன் காடு. இது பூனை மூத்திரம், எனக்கு வேண்டாம்." அந்த நாட்களில் சர்ச் பூசையில் சமாதானம் சொல்லி அவளுக்குக் கை கொடுத்தால் என் கையிலும் பூவின் மஞ்சள் தூள் ஒட்டும்.

போன குளிர்காலத்துக் காய்ச்சல் அவள் மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. காப்பி கசக்கிற வெந்நீராகிவிட்டது. வாசனை திரும்பினாலும் திரும்பும், இல்லாமலும் போகும் என்றார் டாக்டர். "என் பஸ்ஸு லேட்டானாக்கூட இப்ப வரும்னு சொல்லலாம். இது அதுகூட இல்லை" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாவியையும் கண்ணாடியையும் தேடித்தரச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்திருக்கிறேன். மூக்கைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் காய்ச்சுவதை நிறுத்தவில்லை. வந்த வினை அதுதான். புளித்து முடிந்த பீரில் பூவைத் துணிப்பையில் கட்டி ஊறப்போடுவது வழக்கம். ஒரு பிடி போட்டு முகர்ந்தாள்; ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு பிடி. அப்புறமும் ஒன்று. பை உப்பிப் பலாப்பழம்போல் மிதந்தது. கண்ணாடித் தம்ளரில் குளத்துத் தண்ணீர் மாதிரி வந்தது அந்த பீர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டுப் பின்புறம் கூடிச் சுவை பார்க்கிற எங்கள் கூட்டத்தில், அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. "வாசனை தூக்கலா இருக்கு" என்றான் ராமிரோ. தூக்கல் என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை இன்னும் போட்டாள்.

போன ஞாயிறும் அப்படித்தான் ஊற்றினாள். பஸ்ஸில் எவனோ தவளை விட்ட கதையைச் சொல்லிக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். கதை பாதியில் நின்றது. தம்ளருக்குள் மூக்கை விட்டாள். முகம் சுருங்கியது. புல்தரையில் துப்பினாள்.

"த்தூ! என்ன எழவு இது? புல்லு வெட்டுற மெஷினை நக்கின மாதிரி இருக்கு!"

நாங்கள் எங்கள் தம்ளர்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தோம்.

"ஏம்பா ராமிரோ, கோடை பூரா இதையா குடிச்சீங்க?"

"நாங்க எங்க குடிச்சோம்? உன் ரோஜாச் செடிதான் குடிச்சுது."

"அடப்பாவி! அதான் அது வாடிக் கிடக்கா? பொய்க்காரப் பசங்களா, ஒருத்தருக்காவது வாய்…"

வைதுகொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். மறுபடி முகர்ந்தாள்.

"ராமிரோ… எனக்குப் புல்லு வாடை அடிக்குது."

"ஆமா தாயே," என்றான் அவன். "எங்களுக்கும்தான். கோடை பூரா."

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கீழே ஊற்றிவிடலாம் என்று ராமிரோ தம்ளருக்குக் கையை நீட்டினான். மார்லிஸ் கொடுக்கவில்லை. இரண்டு கைகளாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இன்னொரு வாய் நிறையக் குடித்து, விழுங்காமல் வாயிலேயே வைத்திருந்தாள்.