கோவிலுக்கு மட்டும் ஓடிய மோட்டார்

என் கணவரின் அண்ணன் மோட்டார் கார் வாங்கிய வருஷத்தில்தான் என் மாமியாரின் காலில் புண் வந்தது. இரண்டும் ஒரே வீட்டில், முக்கூடலில். மோட்டாரைப் பார்க்க ஊரே திரண்டு வந்தது. புண்ணைப் பார்க்க நான் ஒருத்திதான் இருந்தேன்.

இத்தனை காலத்துக்குப் பிறகு கோபம் ஆறியிருக்கும், நிதானமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆறவில்லை.

மாமிக்குச் சர்க்கரை வியாதி. வலது கால் பெருவிரலில் முள் குத்திய இடம் ஆறாமல் சீழ் வைத்துவிட்டது. பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வாராவாரம் வியாழக்கிழமை வரச் சொன்னார். அழுகிய சதையைச் சுரண்டி எடுத்துக் கழுவிக் கட்டுவார். இடையில் வரும் நாட்களில் எப்படிக் கட்டுவது என்று எனக்குக் காட்டிக் கொடுத்தார். ஒரு வாரம்கூடத் தவறவிடக் கூடாது என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

முதல் சில வாரங்கள் அத்தானே, கணவரின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், மோட்டாரில் கூட்டிப் போனார். பருத்தி வியாபாரமும் நஞ்சை நிலமும் உள்ள மனிதர். தாலுகா போர்டில் உறுப்பினர். எங்கள் பக்கத்தில் மோட்டார் வைத்திருந்த ஒரே ஆள். அதை ஓட்டத் தாமே பழகிக்கொண்டார். மாமி பின்னால் தலையணையில் காலை நீட்டிக்கொண்டு, ஆற்றங்கரைச் சாலையில் நடந்து போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருவாள். மகன் மோட்டாரில் கூட்டிப் போகிறான் என்ற பெருமையில் பாதி வலி போய்விடும்.

பிறகு முன்பக்கத்து இடது சக்கரம் சத்தம் போட ஆரம்பித்தது. திருகைக்குள் மணல் விழுந்த மாதிரி கரகரவென்று ஒரு சத்தம். பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஆலையில் கணக்கெழுதிய என் கணவர், அங்கே இயந்திரங்களைப் பார்த்துப் பழகியவர். சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளே இருக்கும் பேரிங் தேய்ந்துவிட்டது, கழற்றி மாற்ற வேண்டும் என்று சொன்னார்.

"நீ கணக்கெழுதுத வேலையப் பாருலே," என்றார் அத்தான். "வண்டி வித்த மதராசு கம்பெனியிலருந்து ஆள் வருவான். அதுவரைக்கும் ஒருத்தரும் வண்டியில கை வைக்கக் கூடாது."

ஆள் வரவில்லை. வியாழக்கிழமைகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

ரயிலுக்குப் போவதென்றாலும் ஆற்றைத் தாண்டி மாட்டு வண்டியில்தான் போக வேண்டும். அதனால் மாமியை நேராகவே மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கூட்டிப் போனேன். விடியுமுன் கிளம்பினால் உச்சி வெயிலில் போய்ச் சேருவோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் சேலைத் தலைப்பைப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தாள். இரண்டு தடவை அப்படிப் போய் வந்தபின், "இந்த வாரம் வேண்டாம் பிள்ள, அடுத்த வாரம் போவோம்" என்றாள். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னாள்.

இதற்கிடையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தான் அந்த மோட்டாரில்தான் கோவிலுக்குப் போனார்; சர்ச்சை நாங்கள் கோவில் என்றுதான் சொல்லுவோம். எங்கள் வீட்டு வாசலில் நின்றால் கோவில் மணியின் கயிறு தெரியும். அந்தத் தூரத்துக்கு மாடு நடக்கிற வேகத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு போய், வாசலில் நிறுத்தி, வண்டியின் பித்தளை விளக்கைத் துண்டால் ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சங்கீதம் பாடும்போது நான் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பாடினேன். பக்தியால் அல்ல.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன்.

"அத்தான், வியாழக்கிழம மாமிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"சக்கரம் போச்சுன்னு சொன்னேம்லா? நடுவழியில கழண்டு ஓடிச்சின்னா என்ன செய்யது?"

"அப்ப கோவிலுக்கு மட்டும் எப்படி ஓடுது?"

"அது கிட்டக்க இருக்கு. பைய உருட்டிட்டுப் போயிரலாம்."

"கிட்டக்கதான இருக்கு, நடந்தே போயிரலாமே."

அவர் என்னைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார். "ஏலே, ஒன் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்லு."

என் கணவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். நான் உள்ளே போகவில்லை. கடைசியில் அத்தான்தான் உள்ளே போனார்.

அந்த மாதமே வியாபார விஷயமாக அவர் மதராசுக்குப் போனார். வர நாளாகும் என்றார். அவர் கிளம்பிய மறுநாள் காலையில், மாமியின் கட்டை அவிழ்த்தபோது பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியிருந்ததைப் பார்த்தேன். கையைக் கழுவிவிட்டு நேராகக் கணவரிடம் போனேன்.

"இன்னிக்கு ஆலைக்குப் போகாண்டாம். அந்தச் சக்கரத்தக் கழத்துங்க."

"அண்ணன் வந்தா என்ன சொல்லுவான் தெரியுமா?"

"என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நான் கழத்துனேன்னு சொல்லுங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மோட்டார் நின்றது பழைய மாட்டுக் கொட்டகையில். அச்சுக்கு அடியில் ஒரு கட்டையை நெம்புகோலாகக் கொடுத்து அவர் தூக்கிப் பிடிக்க, நான் கருங்கல்லையும் பலகைத் துண்டுகளையும் அடியில் அடுக்கினேன். சக்கரத்தின் நடுவிலிருந்த பித்தளை மூடி சுலபமாகக் கழன்றது. அதற்குள் ஒரு மரையாணி, அது சுழலாமலிருக்க ஒரு பிளந்த கம்பி. கம்பியை இழுத்துவிட்டோம். மரையாணி அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினோம், ஊறவைத்தோம், திருகுசாவியைப் போட்டு அவர் உடம்பெல்லாம் வேர்க்க இழுத்தார். அது வார்த்து வைத்த மாதிரி நின்றது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்த இரும்பே அத்தான் மாதிரி தோன்றியது. எழுந்து திருகுசாவியின் பிடியை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். அவர் மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்ததை நான் கீழ்நோக்கி மிதித்தேன். க்ரீச்சென்று மரையாணி அசைந்து கொடுத்தது.

அவர் வாயைப் பிளந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். இடது பக்கத்துச் சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடாமலிருக்க அந்தப் பக்கத்து மரையை மட்டும் எதிர்த்திசையில் வெட்டியிருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் அவர் அதை இறுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் வலித்தது.

சக்கரத்தை வெளியே இழுத்தோம். உள்ளேயிருந்து எஃகுக் குண்டுகள் உருண்டு விழுந்தன. சில இரண்டாகப் பிளந்திருந்தன. சில, கடித்துத் துப்பிய புளியங்கொட்டை மாதிரி சொரசொரப்பாக இருந்தன. அவை ஓடவேண்டிய எஃகுக் கிண்ணம் அம்மை வடு விழுந்ததுபோலக் குழிகுழியாகக் கிடந்தது. மசகு என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாகச் சாலைப் புழுதியோடு காய்ந்த கறுப்புப் பொருக்குதான் மிச்சம். பித்தளை விளக்குகளுக்குத் தினமும் புளி போட்டுத் தேய்க்க ஆள் வைத்த மனிதர், சக்கரத்துக்குள் ஒரு கை மசகு வைக்கச் சொன்னதில்லை.

ஆலையில் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் துறைமுகத்தில் வேலை. தேய்ந்த பேரிங்கைத் துணியில் முடிந்து அவரிடம் கொடுத்தோம். கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றில் அதே அளவில் புதிதாக ஒன்று பிடித்து வாங்கி அனுப்பினார். மதராசு கம்பெனியால் முடியாமல் போன காரியம், ஒரு வாரத்துக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி எங்கள் வீட்டு நடையில் வந்து இறங்கியது.

குடத்துக்குள் இறுகியிருந்த பழைய கிண்ணத்தை ஒரு பக்கமாகவே தட்டினால் கோணிக்கொள்ளும். அதனால் உளியை வைத்துச் சுற்றிச் சுற்றி, இங்கன ஒரு தட்டு அங்கன ஒரு தட்டு என்று பொறுமையாக வெளியே எடுத்தார். புதியது உள்ளே இறங்க மறுத்தது. இரும்பு சூடானால் விரியும் என்பது அவருக்கு உடனே நினைவுக்கு வந்தது. நான் அடுப்பிலிருந்து கொதிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து, சக்கரத்தின் மர ஆரக்கால்களில் படாமல் குடத்தின் இரும்பில் மட்டும் பார்த்து ஊற்றினேன். ஊற்றின சூட்டோடு அவர் கிண்ணத்தை வைத்து மரக்கட்டையால் தட்ட, அது போய் உட்கார்ந்துகொண்டது. மசகை உள்ளங்கையில் அள்ளிக் குண்டுகளுக்கிடையில் அழுத்தி அழுத்தி நிரப்பியது நான். சக்கரத்தை மாட்டி, மரையாணியைச் சற்று இறுக்கி, பிறகு ஒரு பொட்டுத் தளர்த்தி, கையால் சுழற்றிப் பார்த்தோம். ஆட்டம் இல்லை, பிடிப்பும் இல்லை. சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. உள்ளே கட்டிலிலிருந்து மாமி, "முடிஞ்சிட்டாய்யா?" என்று கேட்டாள். என் கணவர் சக்கரத்தை இன்னொரு தரம் சுழற்றிவிட்டார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மாட்டு வண்டி வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள் மாமி; மோட்டாரை ஓட்டத் தெரிந்தவரோ அத்தான் ஒருவர்தான். அவர் ஒரு புதன்கிழமை திரும்பி வந்தார். சொன்னோம். முகம் கறுத்தது. "பொம்பள கை வச்ச வண்டியில எவன் ஏறுவான்?" என்றார். ஆனால் சாயங்காலம் ஆற்றுப் பாலம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார். சரி, மனசு வந்துவிட்டது, நாளைக்கு ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வண்டியைக் கழுவி விளக்கைத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். மாமிக்குத் தலைவாரிச் சேலை மாற்றிவிட்டேன். அப்போது அத்தான் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியைப் பாபநாசம் அருவி பார்க்கக் கூட்டிப் போகிறாராம்.

"ஆஸ்பத்திரிக்கு அடுத்த வியாழக்கிழம பாப்போம்," என்றார்.

என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. வருமுன் மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வலிக்கிற காலை ஊன்றியே வாசலைக் கடந்து போய், மோட்டாரில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா, எறங்கு. தொர காத்துக்கிட்டிருப்பாரு."

"அவரையும் ஏத்திக்கோ. எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

"அம்மா, புண்ணு நாறுதுல்லா, அவரு எப்படி..."

சொன்ன பிறகுதான் அவருக்கே தாம் சொன்னது காதில் விழுந்தது. தெருவில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மாமி அவரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். "நான் எறங்க மாட்டேன்லே," என்றாள், சத்தம் உயர்த்தாமல். நான் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினேன். அத்தான் தலைப்பாகையைக் கழற்றி இருக்கையில் வீசிவிட்டு வண்டியைக் கிளப்பினார். பாளையங்கோட்டை வரைக்கும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சக்கரமும் பேசவில்லை.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டும் என்றார். இத்தனை வாரம் எங்கே போனீர்கள் என்று கேட்டார்.

"வண்டி பழுதாக் கெடந்துது," என்றார் அத்தான்.

அந்த இடத்தில் நான் பேசவில்லை. மாமியின் கை என் கையில் இருந்தது. அதனால் பேசவில்லை.

விரல்களை எடுத்தபின் காலை வெட்டாமல் தப்பித்தோம். மாமி கம்பு ஊன்றி நடந்தாள். அடுத்த வருஷமே என் கணவருக்குப் பாளையங்கோட்டையில் வேலை கிடைக்க, அவளையும் எங்களோடு கூட்டி வந்துவிட்டோம். கிறிஸ்மஸுக்கு அத்தான் மோட்டாரில் வருவார். தெருப் பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்துகொள்ளும். வந்திருக்கிற விருந்தாளிகளிடம், மதராசு கம்பெனி இன்ஜினீயர் முக்கூடலுக்கே வந்து சக்கரத்தைச் சரிசெய்த கதையைச் சொல்லுவார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

ஒரு கிறிஸ்மஸுக்கு நான் போகவில்லை. அவர் கதையை ஆரம்பித்ததும், "அந்த இன்ஜினீயர் நான்தான்," என்றேன். எந்தப் பக்கம் மரையாணி எதிர்த்திசையில் கழலும், கொதிதண்ணீரை எங்கே ஊற்ற வேண்டும், எத்தனை வாரம் வண்டி கோவிலுக்கு மட்டும் ஓடியது, அதற்கு மாமி எத்தனை விரல் கொடுத்தாள், எல்லாவற்றையும் விருந்தாளிகள் முன்னால் சொன்னேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று சொல்லி முடித்தேன்.

அத்தான் பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வருஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று மாமி யாரையும் கேட்கவில்லை.