இடுப்பளவுத் தண்ணீர்

என் மகள் தண்ணீரில் மூழ்கினாளா, சும்மா நனைந்தாளா என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி கூடியது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாமோ, பெரிதுபடுத்துகிறேனோ என்று பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். அவள் இப்போது மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு பெரிய குளத்தில்தான் எங்கள் படகு கிளப் இருந்தது. எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது இரண்டு பாய்ப்படகுகளையும் பந்தய விதிகள் அச்சிட்ட ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் விட்டுப் போனார். என் கணவர் அப்போது ஜூனியர் வக்கீல். அவருடைய சீனியர் அந்தப் படகுகளை வாங்கி, செங்கோட்டைத் தச்சரை வைத்து அதேபோல் இன்னும் சில செய்யச் சொல்லி, கிளப்பை ஆரம்பித்தார். வக்கீல்கள், டாக்டர், எஸ்டேட் மானேஜர்கள் சேர்ந்தார்கள். கொட்டகைக்குத் தகரம் போட்டுக் கொடுத்ததால் மொத்த மளிகை வியாபாரி ஒருவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கணவாய்க் காற்று சாரலோடு இறங்கி வருகிற ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மட்டும் போட்டி. மற்ற நாளெல்லாம் படகுகள் கொட்டகையில் கவிழ்ந்து கிடக்கும்.

ஞாயிறு காலையில் குடும்பத்தோடு போவோம். ஆண்கள் பாயை ஏற்றிக்கொண்டு, சிவப்புச் சாயம் பூசிய மண்ணெண்ணெய் டின்கள் மிதக்கும் இடங்களைச் சுற்றி வருவார்கள். பெண்கள் இட்லியும் காபியும் பரிமாறுவோம். அண்ணாச்சியின் மனைவி மட்டும் எங்களோடு உட்கார மாட்டார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கணவரின் படகில் முன்னால் ஏறிக்கொள்வார். "காத்துல படகு சாயாம இருக்கப் பாரம் வேண்டாமா? எங்க வீட்டுல பாரம் நாந்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நான் அவரை மதினி என்றுதான் கூப்பிடுவேன்.

குளத்தில் எருமைகளும் நீந்தும். துரையின் புத்தகத்தில் எருமையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதற்காகத் தனிக் கூட்டம் போட்டு, எருமை குறுக்கே வந்தால் படகுதான் விலக வேண்டும் என்று புதிய விதி சேர்த்தார்கள். சீனியர் அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தார். சட்டம் செய்வதில் அவருக்கு அவ்வளவு ருசி.

அந்த வருஷத்துக் கோப்பைப் போட்டி நடந்த ஞாயிறு, திருநெல்வேலியிலிருந்து சீனியரின் விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காபி ஆற்றிக் கொடுக்கும்படி சீனியரின் மனைவி என்னிடம் சொன்னார். நான் ஆற்றிக்கொண்டிருந்தேன். மகளுக்கு அப்போது நான்கு வயது. படகில் ஏறுவதற்காகக் குளத்துக்குள் ஒரு பலகைப் பாலம் நீட்டியிருப்பார்கள். அதற்குக் கைப்பிடி கிடையாது. அப்பாவின் படகு வருகிறது என்று அவள் அதன் நுனிக்கு ஓடினாள். காற்று பாவாடையைத் தூக்கி அடித்தது. டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பாலத்தில் யாரும் இல்லை.

கத்தினேன். மேல்காற்று என் குரலை ரோட்டுப் பக்கம் கொண்டுபோயிற்று. பாலத்தின் நுனிக்கு ஓடிப் பார்த்தால், தாமரை இலைகளுக்கு நடுவே அவளுடைய சடை ரிப்பன் மட்டும் தெரிந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. குதிக்கலாமா, குதித்தால் இரண்டு பேரும் போய்விடுவோமா என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். அப்படிப்பட்டவள் நான்.

கடைசி டின்னைச் சுற்றி முன்னால் வந்துகொண்டிருந்தது அண்ணாச்சியின் படகு. மதினி பார்த்துவிட்டார். அண்ணாச்சி சுக்கானை ஒரே திருப்பாகத் திருப்ப, பாய் சரிந்து படபடக்க, படகு தாமரைக்குள் புகுந்தது. மதினி வயிறு விளிம்பில் அழுந்தக் குனிந்து, தலைமுடியைப் பிடித்துப் பிள்ளையைத் தூக்கினார். பின்னால் வந்த படகு எங்களைத் தாண்டிப் போயிற்று. அது என் கணவருடையது. அதுதான் ஜெயித்தது. கொட்டகையில் விருந்தாளிகள் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் என் காதில் விழுந்தபோது என் பிள்ளை பாலத்துப் பலகையில் கிடந்து தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் விஷயம் தெரிந்ததும் கோப்பையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வண்டியில் வரும்போது வழியெல்லாம் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் அண்ணாச்சி சீனியரைப் பார்த்தார். "கோப்பை எனக்கு வேண்டாம். போட்டியத் திரும்ப ஒரு தரம் நடத்துங்க" என்றார். புத்தகத்திலும் இடம் இருந்தது. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றப் போன படகு நியாயம் கேட்கலாம் என்று எழுதியிருந்தது. சீனியர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "ஆபத்து இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டும்" என்றாராம். அதற்காகப் புதன்கிழமை சாயங்காலம் அவருடைய குமாஸ்தாவைக் குளத்தில் இறக்கி, பிள்ளை விழுந்த இடத்தில் நிற்கச் சொன்னார்கள். அவருக்கு இடுப்புக்குக் கொஞ்சம் கீழேதான் தண்ணீர் இருந்தது. "இடுப்பளவுத் தண்ணீர்" என்று முடிவு செய்தார்கள்.

என் கணவர் அதை வீட்டில் வந்து சொன்னபோது, வெட்கமாக இருக்கிறது, நான் நம்பினேன். இடுப்பளவுத் தண்ணீருக்கா அப்படிக் கூப்பாடு போட்டேன்? ஒரு போட்டியையே கெடுத்துவிட்டேனா? சீனியரின் மனைவி வேறு, "பெத்தவ பக்கத்திலேயே இருந்தா இப்படி ஆகுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருந்தார். அவருடைய விருந்தாளிகளுக்குத்தானே காபி ஆற்றினேன் என்று பதில் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். சீயக்காய் கண்ணில் பட்டதும் அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை என் இடுப்புக்கு வந்தது. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். படித்தவர்கள் இத்தனை பேர், படித்தவள் நானும் சேர்த்து, யாருடைய இடுப்பு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீரில் மிதந்த தாமரை இலைகள் கரையோரம் சேற்றில் படிந்து கிடந்தன. விசாரித்தால், திங்கட்கிழமையே வயலுக்கு மடை திறந்திருக்கிறார்கள். தண்ணீரை வெளியே விட்டுவிட்டு ஆழம் அளந்திருக்கிறார்கள்! வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பு கொதித்தது.

சனிக்கிழமை குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். "ஐயா நாளைக்குக் கமிட்டியில உங்களையும் கேப்பாக. ‘பயந்துட்டேன், அவ்வளவுதான்’னு சொன்னாப் போதும்மா" என்றார். அவர் போன பிறகு என் கணவரைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்தபடி, "நீ புதுசா எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார்.

"நான் பழசைத்தான் சொல்லப்போறேன்" என்றேன். அவர் சொல்லை மீறி நான் பேசியதில்லை. அன்று இராத்திரி சாப்பாட்டில் உப்பு போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

ஞாயிறு காலை கொட்டகையில் கூட்டம். சீனியர் கோர்ட்டில் போலவே எழுந்து நின்று கேட்டார். "குழந்தை விழுந்ததும் நீங்கள் பதறிவிட்டீர்கள். இயற்கைதான். ஆனால் அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பது தெரியுமா?"

"யாருடைய இடுப்பு?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். மகளை அழைத்துப் போய்க் குமாஸ்தாவின் பக்கத்தில் நிறுத்தினேன். அவள் அவருடைய பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி அதற்குத்தான் எட்டியது.

"அதுவும் மடை திறந்த பிறகு அளந்திருக்கிறீர்கள்" என்றேன்.

சீனியர் புன்னகை செய்தார். "அம்மா உணர்ச்சிவசப்படுகிறார். விதி, போட்டியில் இருப்பவரின் ஆபத்தைப் பற்றியது. குழந்தை போட்டியில் இல்லையே."

மதினி பின்னாலிருந்து எழுந்தார். "ஏன் சார், எருமைக்கு வழி விடணும்னு எழுதி வச்சிருக்கிய. அது மட்டும் போட்டியில இருந்துச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணாச்சி, "ஏட்டி, உக்காரு" என்று புடவை நுனியை இழுத்தார். மதினி உட்காரவில்லை. என் கணவர் பக்கம் திரும்பினார். "வக்கீல் தம்பி, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிய. எங்க படகு திரும்புனத நீங்க பாத்தியளா, இல்லியா?"

நான் வீட்டில் கேட்க நினைத்துக் கேட்காத கேள்வி அது.

"பார்த்தேன்" என்றார் என் கணவர். "அண்ணாச்சி தப்பாத் திருப்பிட்டாருன்னு நினைச்சேன். எதுக்குத் திருப்பினாருன்னு பார்க்கலை. சந்தோஷப்பட்டேன்."

சீனியர் கூட்டத்தை ஒத்திவைத்தார். இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. போட்டி ரத்து. கோப்பை யாருக்கும் இல்லை. ஆபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடவே ஒரு புதிய விதி: ஆறு வயது நிரம்பாத குழந்தைகளைப் போட்டி நாளில் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

இதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. பாலத்துக்கு இரண்டு மூங்கில் கட்டியிருந்தால் தீர்ந்தது. தகரம் போட, சாயம் பூச, கோப்பை வாங்க எல்லாவற்றுக்கும் கை நீண்ட இடத்தில் இரண்டு மூங்கிலுக்கு ஒருவருக்கும் மனம் வரவில்லை. பிள்ளைகளைத் தடுத்தால் தாய்மார்களும் வர மாட்டார்கள். தாய்மார்கள் வராவிட்டால் கேள்வியும் வராது. காபி ஆற்ற மட்டும் ஆள் தேடியிருப்பார்கள்.

"தண்ணி என்ன இவுக அப்பன் வீட்டுச் சொத்தா? நீ பிள்ளையக் கூட்டிட்டு வா தங்கச்சி, என் பக்கத்துல இங்கன இரு. யார் கேக்காகன்னு பாப்போம்" என்றார் மதினி. போகலாமா, இவருடைய தொழிலுக்கு ஏதாவது வருமா என்று நான் தயங்கிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கோர்ட் இல்லை. என் கணவர் ஒரு கட்டு மூங்கிலை மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டு, "வருதியா?" என்று மட்டும் கேட்டார். மகளையும் தூக்கிக்கொண்டு போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அவர் கம்புகளை நட்டார். நான் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு முடிச்சுப் போட நன்றாக வரும், படகில் கற்றுக்கொண்டது. நான் காபி கொண்டுபோகவில்லை.

மறுநாள் சீனியர் பாலத்தைப் பார்த்தார். "படகு கட்ட இடைஞ்சலாக இருக்கும். அவிழ்த்துவிடப்பா" என்றார்.

"இல்லை சார்" என்றார் என் கணவர்.

எதற்கு என்று சீனியர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேர் முன்னால், என் மகள் மூழ்கினாள் என்று ஒரே ஒருமுறை அவர் வாயால் சொல்லியிருக்கலாம்.