‘இல்லை’ என்று நான் போட்ட குறிகள்

எனக்கு முதலில் வந்தது இருமல்கூட இல்லை. திங்கட்கிழமை மாலைகளில் மார்பைச் சுற்றி இடுப்புவாரைக் கட்டி இறுக்கியது போல ஒரு பிடிப்பு வரும். மீன் கழுவிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவேன். செவ்வாய், புதனில் இருமல் சேர்ந்துகொள்ளும். ஞாயிறு காலைத் திருப்பலியில் மற்றவர்களைவிட உரக்கப் பாடுவேன். இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகூட இதில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிவிடும். இருபது ஆண்டு தாதியாக இருந்த நான் பதினான்கு மாதம் இருமல் மருந்து குடித்தேன்.

வேலை நாளில் மூச்சு முட்டி விடுமுறையில் சரியாகிறவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆறுதல் எதிர்பார்க்காதீர்கள், என்னிடம் கையிருப்பு இல்லை.

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் கிளினிக்கில் நான் தாதி. ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு மருந்து அலமாரி. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மேசை நாற்காலிகளுக்குப் பளபளப்பு ஏற்றும் ஸ்பிரே அறை. அந்தப் பூச்சு இறுகுவதற்கு ஐசோசயனேட் (மூச்சுக்குழாயை நிரந்தரமாக ஒவ்வாமைக்கு உள்ளாக்கக்கூடிய ரசாயனம்) கலப்பார்கள். என் ஏர்கான் அந்தச் சுவரில்தான் இருந்தது. வாடை வரும். பழகிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.

கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவரையும் ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும். பெயர், கோளாறு, மருந்து. கடைசிக் கட்டத்தில், ‘வேலை தொடர்பானதா: ஆம் / இல்லை’. ‘ஆம்’ என்று குறித்தால் நான்கு பக்க விசாரணைப் பாரம், புகைப்படம், சாட்சி. ‘இல்லை’ என்றால் இரண்டு மாத்திரை, அடுத்த ஆள். யாரும் என்னைப் பொய் எழுதச் சொன்னதில்லை. மனிதவள மேலாளர் குணா ஒரு முறை கிளினிக் வாசலில் நின்று, “ஸ்டெல்லா, விரல் துண்டா போனா ஆம் போடுங்க லா. இருமலுக்கெல்லாம் போட்டா நான் எங்க ஓடுறது?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மருந்துக் கையிருப்பு ஒத்துப்போக வேண்டும் என்பதால் தாதி தனக்கே மாத்திரை எடுத்தாலும் பெயரைப் பதிய வேண்டும். நான் ஒழுங்கான தாதி. ஒரு மாத்திரையைக்கூட எழுதாமல் விழுங்கியதில்லை. என் பெயருக்கு நேரே ‘சளி’ என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் ‘இல்லை’. கை தானாகவே அங்கே போனது.

தாதியருக்கான தொழில்சார் சுகாதார முதுநிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தது அந்த வருடம்தான். வேலையிடத்தில் வரும் நோய்களைக் கண்டுபிடித்துத் தடுக்கிற படிப்பு அது. முடித்துவிட்டால் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற மிஸியாகவே (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காலம் தள்ள வேண்டியதில்லை. இந்தச் சுவரை அடை, அந்த ஏர்கானை மாற்று என்று சொல்லுகிற நாற்காலியில் உட்காரலாம். எனக்கு நாற்பத்து நான்கு வயது. இனி இன்னொரு வாய்ப்பு வராது என்று தெரிந்தேதான் விண்ணப்பப் பாரத்தை நிரப்பினேன். கூடவே மருத்துவச் சான்று ஒன்றும், வேலையிடத்தில் கவனித்த ஒரு நோயாளியைப் பற்றிய அறிக்கை ஒன்றும் கேட்டிருந்தார்கள். சான்று வாங்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

கிள்ளானில் ஒரு மார்பு நோய் மருத்துவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஸ்பைரோமெட்ரி (மூச்சை எவ்வளவு, எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கும் சோதனை) செய்தார். முடிவுத் தாளைப் பார்த்தவர் இன்னொரு முறை ஊதச் சொன்னார்.

“வீக்கெண்ட்ல எப்படி இருக்கு சிஸ்டர்?”

“நல்லா இருக்கு டாக்டர்.”

“லீவு போட்டா?”

“இன்னும் நல்லா இருக்கு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க என்ன கோர்ஸுக்கு அப்ளை பண்றீங்கன்னு சொன்னீங்க?”

கையடக்கமான ஊதுகுழல் மீட்டர் ஒன்றைக் கொடுத்து, வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வாரம், விடுப்பில் இரண்டு வாரம் அளந்து வரச் சொன்னார். போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டும் என் கணவர் சேவியர்தான் எண்களைக் கட்டம் போட்ட தாளில் குறித்து வந்தார். வேலை வாரங்களில் கோடு சரிந்து கிடந்தது. விடுப்பில் மேலே ஏறியது. அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நீதானேம்மா அங்க மிஸி?” என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

தொழில்சார் ஆஸ்துமா (வேலையிடத்துப் பொருளால் வரும் மூச்சிரைப்பு) என்று உறுதியானது. “மருந்து இருக்கு சிஸ்டர். ஆனா இனிமே அந்தக் கெமிக்கல் துளி பட்டாலும் உங்க உடம்பு சண்டைக்கு நிக்கும். அந்த இடத்துக்குத் திரும்பிப் போகாதீங்க,” என்றார் மருத்துவர். வேலையை விட்டேன்.

தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்துக்கு இழப்பீடு கேட்டு எழுதினேன். தொழிற்சாலை கிளினிக் புத்தகத்தின் நகலை அனுப்பியது. என் பெயருக்கு நேரே பதினொரு இடத்தில் சளி, பதினொரு இடத்தில் ‘இல்லை’. ஆதாரம் போதவில்லை என்று பதில் வந்தது. அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. குணாவுக்குப் போன் செய்து கத்தினேன்.

“நாங்க ஒண்ணும் மாத்தலையே ஸ்டெல்லா. எல்லாம் உங்க கையெழுத்துதான்,” என்றார்.

அவர் மேல் வந்த ஆத்திரம் இரண்டு நாளில் அடங்கிவிட்டது. என் வலது கை மேல் வந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது.

கல்லூரி கேட்ட நோயாளி அறிக்கை பாக்கி இருந்தது. அதற்காக ஜெஞ்சாரோமில் இருக்கும் பரமேஸ்வரி அக்காவைப் பார்க்கப் போனேன். ஸ்பிரே அறையில் எட்டு வருடம் வேலை பார்த்தவர். மாதம் இரண்டு முறையாவது இருமிக்கொண்டு என்னிடம் வருவார். நான் இருமல் மருந்தை ஊற்றிக் கொடுப்பேன். மருத்துவ விடுப்பு அதிகமாகிவிட்டது என்று அவரை நிறுத்திவிட்டார்கள். இப்போது தங்கை வீட்டில் இருக்கிறார். கதவைத் திறந்தவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்து மூச்சை ஒழுங்கு செய்துகொள்ளவே நேரம் எடுத்தது.

“உங்க நோயப் பத்தி எழுதலாமாக்கா? பேரு போட மாட்டேன்.”

“எதுக்கு மிஸி?”

“ஒரு படிப்புக்கு. இன்டர்வியூ இருக்கு.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“எழுதுங்க. பேரு போட்டே எழுதுங்க. ஆனா எனக்கும் ஒரு காகிதம் எழுதிக் குடுங்க. ஸ்பிரே ரூம்லதான் வந்துச்சுன்னு. ரெண்டு தடவ கிளெய்ம் போட்டேன், புக்குல சளின்னு இருக்காம்.”

வீட்டுக்கு வந்ததும் சேவியரிடம் சொன்னேன். அவர் காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“எழுதினா உன் லைசென்சுக்கே ஆபத்து, யோசிச்சியா? அந்தக் காலேஜ்காரன் உன்ன உள்ள விடுவானா?”

யோசித்தேன், மூன்று நாள். பயமாகத்தான் இருந்தது. பிறகு எழுதினேன். பரமேஸ்வரியின் இருமல் வேலையால் வந்தது, ‘இல்லை’ என்று குறித்தது என் பிழை, அப்போது அறியாமல் செய்தேன் என்று இரண்டு பக்கம். ஒரு பிரதி அவருக்கு. அவர் பெயரோடு எழுதிய அறிக்கையுடன் இன்னொரு பிரதியை விண்ணப்பத்தில் இணைத்தேன்.

நேர்முகத் தேர்வு பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்மணி என் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

“புக்குல நீங்க எழுதினது பொய்னு நீங்களே சொல்றீங்க?”

“ஆமா மேடம்.”

“விடுமுறையில எப்படி இருக்குன்னு யாரையுமே கேட்டதில்லையா? அது முதல் கேள்வியாச்சே.”

“கேக்கத் தோணலை மேடம்,” என்றேன்.

வெளியே வந்து ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். ஒரு கடை வாசலில் இரும்புக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு எட்டில் மார்பு பூட்டிக்கொண்டது. நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து இன்ஹேலரை (மூச்சுக்குழாயை விரிக்கும் உறிஞ்சு மருந்து) இழுத்தேன். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண், “ஆன்டி, தண்ணி வேணுமா?” என்று ஓடி வந்தாள். வேண்டாம் என்று சொல்லக்கூட மூச்சு இல்லை, கையை ஆட்டினேன்.

இடம் இல்லை என்று கல்லூரியிலிருந்து வந்த கடிதம் இரண்டே வரி. காரணம் எழுதவில்லை. தாதியர் வாரியத்திலிருந்து என் பதிவு தொடர்பாக விளக்கம் கேட்டு வந்த கடிதம் மட்டும் நீளமாக இருந்தது. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.

இப்போது காலையில் கடிகாரத்துக்கு முன் மீட்டரைத்தான் பார்க்கிறேன். நல்ல எண் வந்தால் அன்றைக்குச் சந்தைக்குப் போகலாம். கெட்ட எண் வந்தால் குளிப்பதே ஒரு பெரிய வேலை. முன்பு ஒரே மூச்சில் ஏறிய மாடிக்கு இப்போது மூன்று இடத்தில் நிற்கிறேன். வாரம் என்று ஒன்று எனக்கு இல்லாமல் போயிற்று. ஞாயிறு வந்தாலும் நுரையீரலுக்கு அது தெரிவதில்லை. திருப்பலியில் வாயை மட்டும் அசைக்கிறேன்.

போன வாரம் பரமேஸ்வரி அக்கா போன் செய்தார். இழப்பீட்டுக்கான மருத்துவக் குழு முன் வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். நாங்கள் இருவரும் பேசினால் நேரமாகும். அவர் நாலு சொல் பேசி நிறுத்துவார், நான் காத்திருப்பேன். நான் நிறுத்தினால் அவர் காத்திருப்பார்.

“மிஸி, ஒண்ணு கேக்கணும்.” மூச்சு வாங்கினார். “காகிதத்துல அறியாம செஞ்சேன்னு எழுதியிருக்கீங்க. நெசமாவே தெரியாதா?”

பதில் சொல்லும் முன் மூச்சு வாங்க எனக்கும் உரிமை உண்டு. அதைப் பயன்படுத்திக்கொண்டேன். உங்களிடமும் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு தீபாவளி முடிந்து அவர் கிளினிக்குக்கு வந்தபோது நானாகவே கேட்டேன், லீவில் இருமல் இருந்ததா என்று. “சுத்தமா இல்ல மிஸி, பத்து நாளும் ஜம்முன்னு இருந்தேன்,” என்றார். என் பேனா கடைசிக் கட்டத்தின் மேல் சிறிது நேரம் நின்றது. வெளியே ஆறு பேர் காத்திருந்தார்கள்.

“தெரியும்க்கா,” என்றேன்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. தாதியின் பழக்கம், எண்ணத் தொடங்கினேன். இருபதைத் தாண்டியும் அவர் பேசவில்லை, போனை வைக்கவும் இல்லை. முப்பத்தொன்றில் குரல் வந்தது.

“அப்ப அதையும் எழுதிக் குடுங்க மிஸி.”