கொக்கி வாங்கிய கியர் வண்டி

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தக் கூடாத இடத்தில் நின்ற வெள்ளைக் காரைத் தூக்கப்போன அன்று கொக்கிக்கு முன்பல் ஒன்று போனது. காரின் சொந்தக்காரர் டை கட்டிய மனிதர். முதலில் கெஞ்சினார், பிறகு அதட்டினார், பிறகு கையிலிருந்த எவர்சில்வர் தண்ணீர்க் குப்பியால் அவன் வாயில் ஓங்கி அடித்தார். கொக்கி பல்லை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான். சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அப்புறம் அந்த மனிதரின் டையைச் சுருட்டிப் பிடித்து, அவருடைய காரின் கூரையிலேயே அவர் நெற்றியை மோதினான். ஒரு தடவைதான். பிறகு ஒன்றும் நடக்காதது போலக் குனிந்து, காரின் அடியில் சங்கிலியை மாட்டினான்.

கொக்கி என்பது வேலை கொடுத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளத்தன்று மட்டும்தான் யாராவது கூப்பிடுவார்கள். தாறுமாறாக நிறுத்திய கார்களை இழுவை லாரியில் மாட்டி, அபராதம் கட்டி மீட்கும்வரை பூட்டிவைக்கும் கம்பெனி யார்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. அடி வாங்குவதும் அந்த வேலையிலேயே சேர்த்திதான். செங்கல் பட்டிருக்கிறது, குடை பட்டிருக்கிறது, ஒரு பெண் அவன் முழங்கையைக் கடித்து ரத்தம் எடுத்திருக்கிறாள். கடப்பாரையால் ஒருவன் இடது முழங்காலில் போட்டதுதான் பெரிய அடி. எலும்பு சேர்ந்துவிட்டாலும் மடக்கி நீட்டும்போதெல்லாம் வலித்தது. அதற்குப் பிறகு கம்பெனி அவனுக்குக் கியர் இல்லாத லாரியைக் கொடுத்தது. அந்த அவமானம் அவனுக்கு முழங்காலைவிட அதிகமாக வலித்தது.

கொக்கியும் திருப்பி அடிப்பான். வாங்கினதுக்கு மேலேயே கொடுப்பான்.

பல் போன அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் உட்காரவைத்து அவன் மனைவிதான் கிழிந்த உதட்டைத் தைத்தாள். அவள் மிருக டாக்டரிடம் உதவியாள். திமிறுகிற நாயை முழங்காலால் அமுக்கிக்கொண்டே காது கிழிசலைத் தைத்துவிடுவாள். உதடு அவளுக்கு ஒரு வேலையே இல்லை.

"ஆடாம இருங்க. எங்க கிளினிக்குல வர்ற நாய்ங்கல்லாம் உங்களைவிட ஒழுங்கா உக்காருது."

"அதுங்களுக்கு மயக்க ஊசி போடுவே. எனக்கு என்ன போட்டே?"

"உங்களுக்கு ஊசி போட்டா என்ன, போடாட்டி என்ன. வலிச்சாத்தான் கொஞ்சம் உறைக்கும்."

உறைக்கவில்லை. அந்த வாரம்தான் அவன் கார் வாங்கப் போவதாக அறிவித்தான். சாதாரணக் கார் இல்லை, தரையோடு தரையாகக் கிடக்கிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். ஆயுசு பூராவும் அடுத்தவன் காரை இழுத்தாயிற்று, இனிமேல் தன் காரில் வேலைக்குப் போகவேண்டும் என்றான். போகிற வழியில் மனைவியைக் கிளினிக்கில் இறக்கிவிடுவதாகவும் சொன்னான். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பழைய கார் விற்கும் தரகரின் கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு நின்றன. சிவப்பு, கியர் வண்டி. சாம்பல், ஆட்டோமேட்டிக். கொக்கியோடு மனைவியும், அதே கம்பெனியில் இன்னொரு லாரி ஓட்டும் அவன் தம்பியும் போயிருந்தார்கள்.

தரகர் கேட்டார். "தினமும் எந்த வழியா போவீங்க சார்?"

"ரயில்வே பாலம் ஏறி இறங்கணும்."

"காலையிலயா? அப்ப யோசிக்கவே வேணாம், சாம்பல் கலரை எடுங்க. அந்த ஏத்தத்துல வண்டிங்க எறும்பு மாதிரி ஊருது. கிளட்சை மிதிச்சு மிதிச்சே கால் கழண்டுடும்."

"அதான் நானும் சொல்றேன்" என்றாள் மனைவி. "முட்டியை வெச்சுக்கிட்டுத் தினமும் அத்தனை தடவை மிதிக்க முடியுமா? வேலைக்குப் போயிட்டு வரத்தானே வாங்குறோம், பந்தயத்துக்கா போறோம்?"

தம்பி சிவப்பு வண்டியின் கதவைத் திறந்து கியர் தண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். "அண்ணி சொல்றது சரிதான் அண்ணே. ஆட்டோமேட்டிக்கே எடுத்துக்க. நொண்டிக்குன்னே செஞ்ச வண்டி."

கொக்கி அவன் பிடரியில் ஒன்று வைத்தான். விளையாட்டுக்கு வைத்த அடி என்று சொல்ல முடியாது. தம்பியின் நெற்றி கதவு விளிம்பில் பட்டு வீங்கிவிட்டது. பிறகு தரகரைப் பார்த்து, "சிவப்பு" என்றான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மனைவியை உட்காரவைத்து ஊருக்கு வெளியே வெறிச்சோடிய சாலைக்குக் கொண்டுபோனான். மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாற்றும்போது வண்டி ஒருமுறை உறுமிவிட்டுப் பாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. முட்டி வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பாலம் வந்தது.

ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. முன்னால் இருப்பவன் ஒரு அடி நகர்வான், நிற்பான். கிளட்சை மிதி, முதல் கியர், கொஞ்சம் விடு, நகரு, மறுபடி மிதி. ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலுக்குள் யாரோ ஆணியை முறுக்குவது போல இருந்தது. பாலத்தின் உச்சிக்குப் போவதற்குள் அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாததே அவனுக்குக் குத்தலாக இருந்தது.

"என்ன, சொல்லிக்காட்டணும்னு இருக்கா? சொல்லு."

"நான் வாயே திறக்கலையே."

"திறக்காமயே சொல்றே."

கிளினிக்கில் அவளை இறக்கிவிட்டு யார்டுக்குப் போய்ச் சேரும்போது அவனுக்குள் கோபம் தளும்பத் தளும்ப நிறைந்திருக்கும். அதை யார் மேலாவது கொட்டியாக வேண்டும். முன்பெல்லாம் அடித்தவனைத்தான் அடித்தான். இப்போது முறைத்தவனையும் அடித்தான். தன் காரை விடும்படி சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அழுத ஒருவனின் கையை லாரியின் இரும்புச் சட்டத்தில் வைத்து நசுக்கினான். விரல்கள் நீலம் பாரிக்கும்வரை விடவில்லை. கம்பெனி அவனைக் கூப்பிட்டு எச்சரித்தது. தம்பிகூட, "அண்ணே, ஜாஸ்தியா போறே" என்றான்.

வெயில் ஏறிய ஒரு காலை, பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் இருந்த வண்டி நகர்ந்தது. கொக்கி கிளட்சை விடும்போது முட்டி வெட்டி இழுத்தது. கால் வழுக்கி, வண்டி அணைந்து பின்னால் உருண்டு, பின்னாலிருந்த ரொட்டி வேனின் முகப்பில் இடித்தது. அந்த வேனின் முன்னால் தடித்த இரும்புக் குழாயால் தடுப்பு வைத்திருந்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு வண்டியின் பின்பக்கம்தான் பெயர்ந்தது.

கொக்கி வண்டியைக் கிளப்பி ஒரு முழம் முன்னே கொண்டுபோய் நிறுத்தினான். காலுக்கு ஓய்வு வேண்டி நியூட்ரலில் போட்டான். அதற்குள் ரொட்டி வேன்காரன் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினான். அவன் கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர் இருந்தது.

"ஓட்டத் தெரியலைன்னா எதுக்குய்யா இந்த மாதிரி வண்டி? பொம்பளைகிட்டக் குடு, அவங்க ஓட்டுவாங்க."

"விட்டுடுங்க" என்று மனைவி அவன் சட்டையைப் பிடித்தாள். "தப்பு நம்ம மேல. மன்னிப்பு கேட்டுட்டுப் போலாம்."

அவன் ஹேண்ட் பிரேக்கை ஒரு இழுப்பு இழுத்தான். அது பாதியில் நின்றதை அவன் பார்க்கவில்லை. கதவைத் திறந்த வேகத்தில் அதன் விளிம்பு வேன்காரனின் இடுப்பில் இடித்தது. வேன்காரன் ஸ்பேனரை வீசினான். கொக்கியின் தோள்பட்டையில் விழுந்தது. இரண்டாவது வீச்சைக் கையில் பிடித்து, முறுக்கி, ஸ்பேனரைப் பறித்துப் பாலத்துக்குக் கீழே எறிந்தான். வெறுங்கையால் அடிப்பதில்தான் அவனுக்குத் திருப்தி. முதல் குத்திலேயே வேன்காரனின் மூக்கு உடைந்தது தெரிந்தது, சத்தமே கேட்டது. வேன்காரனைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்து, கழுத்தை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் குத்தினான். பின்னால் ஹாரன்கள் அலறின. யாரும் இறங்கி வரவில்லை. ஜன்னல்களில் போன்கள் நீண்டன.

மனைவி இறங்கி ஓடிவந்தாள். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே புகுந்துதான் அவர்களிடம் போகவேண்டும். அவள் நடுவில் இருக்கும்போது சிவப்பு வண்டி மெதுவாக, சத்தமில்லாமல் பின்னால் ஊர்ந்தது. அவள் பார்த்தாள். யாராக இருந்தாலும் செய்வதைத்தான் செய்தாள். கையை நீட்டித் தடுத்தாள். உடம்பை ஒதுக்கிக்கொள்ள முடிந்தது. வலது கையை எடுக்க முடியவில்லை. வண்டியின் பின்பக்கத்துக்கும் வேனின் இரும்புக் குழாய்க்கும் நடுவே அது மாட்டிக்கொண்டது.

அவள் அலறவில்லை. "என் கை" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "ஏங்க, என் கை."

கொக்கிக்குக் கேட்டது. அவள் குரல் என்று தெரிந்தது, ஏதோ ஆகிவிட்டது என்றும் தெரிந்தது. தெரிந்த பிறகும் ஓங்கின கையை நிறுத்தாமல் இன்னொரு குத்து விட்டான். அப்புறம்தான் திரும்பினான்.

வண்டியை அவனும், முகமெல்லாம் ரத்தமாக இருந்த வேன்காரனும் சேர்ந்துதான் தள்ளினார்கள். வேன்காரன்தான் தன் சட்டையைக் கழற்றி அவள் கையில் சுற்றினான்.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை.

போலீஸ் இருவரையும் பிடித்தது, வழக்குப் போட்டது. வேன்காரன் கடைசியில் புகாரை விட்டுவிட்டான். "அந்தம்மா முகத்துக்காக" என்று ஸ்டேஷனில் சொன்னானாம். கம்பெனி கொக்கியை லாரியிலிருந்து இறக்கி யார்டின் வாசலில் இருந்த கம்பிக் கூண்டுக்குள் உட்காரவைத்தது. கார்களை மீட்க வருகிறவர்கள் கூண்டுக் கம்பி வழியாக அவனைத் திட்டுவார்கள். கதவு பூட்டியிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். கொக்கி பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒன்றையே சொன்னான்: கியர் வண்டியால் வந்த வினை, ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் வண்டி உருண்டே இருக்காது. தம்பியும் ஆமாம் போட்டான். அன்று நொண்டி என்று சீண்டியவன் அவன்தான், அந்த உறுத்தல் அவனுக்கும் இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போன கொக்கியைச் சகலை வாசலிலேயே மறித்தார். மெலிந்த மனிதர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "உள்ளே வராதே" என்று சொல்லி, நடுங்கிக்கொண்டே ஒரு அறை விட்டார். கொக்கியின் கை தானாக மேலே எழுந்தது. ஜன்னலுக்குப் பின்னால் மனைவி நிற்பதைப் பார்த்தான். அவள் தடுக்கவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. என்ன செய்வான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியது. சகலை இன்னொன்று அறைந்தார். அதையும் வாங்கிக்கொண்டான்.

அவள் வெளியே வந்தாள். கையில் கட்டு பெரிதாக இருந்தது.

"கியர் வண்டியை வித்துட்டேன்" என்றான் கொக்கி. "நீ அன்னிக்கே சொன்னே, நான் கேக்கல. எல்லாம் அந்த வண்டியால வந்தது."

"வண்டியால வரல."

"ஹேண்ட் பிரேக் சரியா..."

"நான் கூப்பிட்டது கேட்டுச்சு உனக்கு." அவள் அவனை நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "கேட்டதுக்கப்புறம் இன்னொண்ணு குத்தினே. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். அதுக்கு எந்த கியர் காரணம்?"

கொக்கி நினைத்திருந்தால் கேட்கவில்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வாசற்படியில் உட்கார்ந்து, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். சகலை சங்கடப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்த பிறகு அவள் திரும்பி வந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கிளினிக்கில் இனி அவளால் தைக்க முடியாது. மிச்ச விரல்களில் ஊசி நிற்பதில்லை. ஆனால் கடிக்கிற நாய்களைப் பிடித்துக்கொள்ள இப்போதும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

வந்த மறுவாரமே அவள் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். உரிமம் கைக்கு வந்ததும் தனியாகவே தரகரின் கொட்டகைக்குப் போனாள். சாம்பல் வண்டி என்றைக்கோ விற்றுப்போயிருந்தது. நீல நிறத்தில் ஒன்று இருந்தது, அதே தாழ்வு, அதே இரண்டு இருக்கை, ஆட்டோமேட்டிக்.

"மறுபடியும் இந்த மாதிரி வண்டியா?" என்று கொக்கி கேட்டான்.

"வேகம் எனக்கும் பிடிக்கும். நீங்க ஓட்டினாத்தான் பிடிக்காது."

இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். அவனை யார்டில் இறக்கிவிட்டுக் கிளினிக்குக்குப் போகிறாள். கொக்கி திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. போன மாதம்கூடக் கூண்டுக் கம்பி வழியாக எச்சில் துப்பியவனின் காலரைப் பிடித்து இழுத்து, முகத்தைக் கம்பியில் தேய்த்துவிட்டான். தம்பி வந்துதான் விலக்கினான். அன்று சாயங்காலம் காரில் ஏறியதும் அவனே அவளிடம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவனுக்கு அடி வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நேற்றுக் காலை பாலத்தின் ஏற்றத்தில், பின்னாலிருந்த ஜீப்காரன் ஹாரனை விடாமல் அமுக்கினான். பிறகு பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, அவளைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். கொக்கியின் கை கதவுப் பிடிக்குப் போனது. அவள் தன் பக்கத்துப் பொத்தானை அமுக்கினாள். எல்லாக் கதவுகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன.

"திறடீ" என்றான்.

"முன்னாடி வண்டி நகருது" என்று சொல்லிவிட்டு அவள் ஆக்சிலரேட்டரை மிதித்தாள்.